லிஃப்டை முந்தியவளின் நெகட்டிவ்

என் மனைவி ஒருமுறை லிஃப்டோடு ஓடி ஜெயித்தவள். கீழ்த்தளத்திலிருந்து லிஃப்ட் கிளம்பிய அதே நொடியில் அவளும் படியில் கிளம்பினாள். நாற்பது மாடி. லிஃப்ட் மூச்சு வாங்கி மேலே வந்து சேர்ந்தபோது அவள் முகம் கழுவி, தலைவாரி, ஒரு வாரப்பத்திரிகையில் பாதியைப் படித்து முடித்திருந்தாள்.

சரி, நாற்பது இல்லை. ஏழு. தலைவாரியதும் பத்திரிகையும் என் கைச்சரக்கு. ஆனால் ஏழு மாடி, ஒரு லிஃப்ட், ஒரு ஓட்டம், ஒரு வெற்றி, இவை அத்தனையும் சத்தியம். நீங்கள் நம்பாவிட்டால் எனக்கு வருத்தமே இல்லை. என் மச்சானே முப்பத்தெட்டு வருஷமாக நம்பவில்லை. இத்தனைக்கும் அவர் அன்றைக்கு அந்த லிஃப்டுக்குள் இருந்தவர்.

அந்த லிஃப்டைப் பராமரித்தவன் நான். கம்பிக் கதவை இழுத்துச் சாத்தினால்தான் நகரும் பழைய ரகம். லிஃப்ட் ஓடும் குழியைச் சுற்றிக் கம்பி வலை. அந்த வலையைச் சுற்றிச் சுற்றிப் படிக்கட்டு ஏறும். ஆகவே லிஃப்டில் போகிறவர் படியில் போகிறவரின் காலைப் பார்க்கலாம். படியில் போகிறவர் லிஃப்டில் போகிறவரின் வழுக்கையைப் பார்க்கலாம். அலுவலகத்தில் அவள் புதிதாகச் சேர்ந்த டைப்பிஸ்ட். அவளுடைய அண்ணன், அதாவது பிற்பாடு எனக்கு மச்சானாக வாய்த்தவர், அங்கேயே பதிவேட்டுப் பிரிவின் தலைவர். யார் என்ன சொன்னாலும் "ஆதாரம் இருக்கா?" என்று கேட்பார். அவர் பெயரே 'ஆதாரம்' என்றாகிவிட்டது.

ஒரு மதிய இடைவேளையில் லிஃப்ட் ஆமை வேகம் என்று அவள் சொல்லியிருக்கிறாள். நடந்தே முந்திவிடலாம் என்றும் சொல்லியிருக்கிறாள். அண்ணன் ஊரே கேட்கும்படி சிரித்து, "நீ மூணாவது மாடியிலேயே உக்காந்துடுவே. அப்புறம் நாங்கதான் வந்து தூக்கிட்டுப் போகணும்" என்றாராம். அவ்வளவுதான், அவள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

நான் அப்போது ஏழாவது மாடியில் இருந்தேன். மொட்டைமாடி அறையிலிருந்த கப்பிகளின் தேய்மானத்தைப் படம் எடுத்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று கையில் கேமரா கொடுத்திருந்தார்கள். படம் எடுத்துவிட்டு இறங்கி வந்தால் கீழேயிருந்து கூச்சல்: "மெக்கானிக் சார், நீங்கதான் நடுவர்!"

எதற்கு நடுவர் என்று கேட்பதற்குள் படியில் புயல். முழுப் புயல் வேண்டாம், முக்கால் புயல் என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்தாள், லிஃப்ட் கதவை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள், திரும்பி என்னைப் பார்த்து, "பார்த்துக்கிட்டீங்களா?" என்றாள். பார்த்துக்கொண்டேன். அதற்குப் பிறகு இன்றுவரை வேறு எதையும் நான் சரியாகப் பார்க்கவில்லை. ஆனாலும் விரல் தன் வேலையைச் செய்தது. ஒரு படம் எடுத்தேன். லிஃப்ட் இன்னும் கீழே எங்கோ முனகிக்கொண்டிருந்தது.

அவள் தண்ணீர் குடிக்க நடைபாதைத் திருப்பத்துக்கு அந்தப் பக்கம் போனாள். கெட்ட நேரம், லிஃப்ட் வந்தது. மச்சான் வெளியே வந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். அவள் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

"இப்பத்தான் வர்றியா?" என்றார்.

இதுதான் அவர் கட்சி. அவர் வந்தபோது மேலே அவள் இல்லை. அவள் பிறகுதான் வந்தாள். நான் அவள்மேல் மயங்கிப்போய் அவளுக்குச் சாட்சி சொல்கிறேன். மயங்கியது உண்மை. மற்றது பொய்.

படத்தைக் காட்டியிருக்கலாமே என்கிறீர்களா? காட்டினேன். லிஃப்ட் கதவுக்கு மேலே வரிசையாக எட்டு விளக்குகள் உண்டு. இடது ஓரத்தில் கீழ்த்தளம், வலது ஓரத்தில் ஏழாவது மாடி. லிஃப்ட் எந்த மாடியில் இருக்கிறதோ அந்த விளக்கு எரியும். ஆனால் ஸ்டூடியோவில் பிரிண்ட் போடும் இயந்திரம் படத்தின் ஓரங்களைக் கொஞ்சம் கடித்துத் தின்றுவிடும். எங்கள் படத்தில் அது தின்றது மேல் ஓரத்தை. ஆல்பத்தில் இருப்பது மூச்சிரைக்கும் ஒரு பெண்ணும் மூடிய ஒரு கதவும். விளக்கு வரிசை அவுட்.

"லிஃப்ட் எங்க நிக்குதுன்னு இதுல எங்க இருக்கு?" என்று மச்சான் பிரிண்ட் வந்த அன்றைக்குக் கேட்டார். கல்யாணத்துக்குப் பிறகும் கேட்டார். பேத்தி பிறந்த அன்று மருத்துவமனையிலும் கேட்டார். நெகட்டிவ் எங்கே போனது என்று எனக்கும் தெரியவில்லை.

போன மாதம் பரண் சுத்தம் செய்தபோது கிடைத்தது. பழைய கப்பி அறிக்கையின் நகலுக்குள் கண்ணாடித்தாள் உறையில் ஆறு படங்கள் கொண்ட ஒரே ஒரு துண்டு பிலிம். ஐந்தில் கப்பி, ஆறாவதில் என் வாழ்க்கை.

கிடைத்த நேரமும் சரியான நேரம். அந்த அலுவலகத்துக்கு ஐம்பது வயதாகிறது. பொன்விழா மலர் போடுகிறார்கள். ஓய்வுபெற்ற எல்லோரும் 'மறக்க முடியாதது' என்று ஆளுக்கு நான்கு வரி எழுதலாம். மலரின் ஆசிரியர் யார்? மச்சான். மலர் முழுவதையும் இரண்டு மாதம் உட்கார்ந்து டைப் அடித்துக் கொடுத்தது யார்? என் மனைவி. அவள் எழுதிய நான்கு வரி லிஃப்ட் பந்தயத்தைப் பற்றி. மச்சான் அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, கடைசிப் பக்கத்தில் 'நன்றி: தட்டச்சு உதவி' என்று அவளைச் சேர்த்திருந்தார்.

அவள் சண்டை போடவில்லை. அந்தத் தாளை மடித்தாள், மறுபடி மடித்தாள், தபால்தலை அளவுக்கு வந்த பிறகும் மடித்தாள்.

"விடுங்க" என்றாள். "முப்பத்தொரு வருஷம் அந்தக் கட்டடத்துல மத்தவங்க எழுதினதைத்தான் அடிச்சேன். என்னோடதுன்னு நாலு வரி. அதுக்கும் இடமில்லன்னா இல்ல."

எனக்குக் கோபம் வந்தால் சிரிப்பேன். அன்றைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தேன். பிறகு மச்சானுக்குப் போன் போட்டேன்.

"நெகட்டிவ் கிடைச்சிருக்கு மச்சான்."

மறுமுனையில் பேனா மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "வெள்ளிக்கிழமை ரெண்டு மணிக்கு மலர் அச்சகத்துக்குப் போகுது. அதுக்குள்ள ஆதாரம் காட்டுங்க. நாலு வரி என்ன, முழுப் பக்கமே தர்றேன். இல்லாட்டி இந்தக் கதையை இத்தோட மூட்டை கட்டிடணும். சரியா?"

"எழுதி வச்சுக்குங்க" என்றேன். அது திங்கள்கிழமை காலை.

முதலில் நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் கைப்பேசியால் படமெடுத்துப் பார்த்தோம். விளக்கு வரிசை இருந்தது! இருந்து என்ன செய்ய, அந்தத் துண்டில் அது கடுகளவு. பெரிதாக்கினால் கடுகு பூசணிக்காய் ஆனதே தவிர விளக்கு ஆகவில்லை. பிலிமை நன்றாகப் பிரதி எடுக்கும் கடை ஒன்று உண்டு. கேட்டால் மூன்று வாரம் ஆகும் என்றார்கள்.

என்னிடமே ஒரு பிலிம் ஸ்கேனர் இருந்தது. ஒரு ஸ்டூடியோக்காரர் கடையை மூடியபோது வாங்கியது, பதினெட்டு வருஷம் இருக்கும். இரண்டு செங்கல்லை ஒட்டி வைத்த பருமன். தலைமுடியைக் காட்டினால் அதன் வேர்வரை காட்டும். அதோடு பழகிய பழைய கம்ப்யூட்டர் போன வருஷம் மண்டையைப் போட்டது. இப்போது இருப்பது மகள் வாங்கிக் கொடுத்த புதியது. அப்பளம் மாதிரி மெலிசு. ஸ்கேனரின் வயரில் கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு தலை. அப்பளத்தின் ஓரத்தில் இரண்டே இரண்டு கீறல். யானைக்கு மூக்குத்தி போடப் பார்ப்பது போல் அரை மணி நேரம் போராடிவிட்டு மகளைக் கூப்பிட்டேன். அவள் கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலையில் இருக்கிறாள்.

"அப்பா, அது செத்துப் போச்சுப்பா."

"யார் சொன்னது?"

"செஞ்ச கம்பெனியே சொல்லுது. பத்து வருஷம் முன்னாடியே கைவிட்டுட்டாங்க. புது கம்ப்யூட்டருக்கும் அதுக்கும் நடுவுல பேச்சுவார்த்தையே கிடையாது."

"கைவிட்டது அவங்கதானே? நான் கைவிடலையே."

"தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குங்கப்பா. நானே அனுப்பறேன். பத்து நாள்ல வந்துடும்."

"எனக்கு வெள்ளிக்கிழமை வேணும். அதுவும் இந்த மிஷினே வேணும். என்னைக்கூட அறுபதுல போதும்னு வீட்டுக்கு அனுப்பினாங்க. அதுக்காக நான் செத்தா போயிட்டேன்?"

"அம்மா கிட்ட குடுங்க" என்றாள் மகள். என்னோடு பேசித் தோற்றவர்கள் எல்லோரும் அம்மாவிடம்தான் முறையிடுவார்கள்.

செவ்வாய்க்கிழமை ஸ்கேனரைக் குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனேன். கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடையை ஒரு பெண்மணி நடத்துகிறார். மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு கண்ணாடியைத் தேடுகிற ரகம். எல்லோருக்கும் அவர் 'டாக்டரம்மா'.

"சார், இதைக் கொண்டுபோய்க் கண்காட்சியில வைங்க. பக்கத்துல நீங்களும் நில்லுங்க. கூட்டம் வரும்."

"டிக்கெட் நீங்க கிழிங்க. இப்ப வழியைச் சொல்லுங்க."

சிரித்துக்கொண்டே இழுப்பறையைக் கவிழ்த்தார். தடித்த தலையை நடுத்தரத் தலையாக்க ஒரு இணைப்பி. நடுத்தரத்தைச் சின்னதாக்க ஒன்று. சின்னதை அந்தக் கீறலுக்குள் நுழைக்க ஒன்று. ஒன்றின் வாலை ஒன்று கடித்துக்கொண்டு ஒரு சரக்கு ரயிலே உருவானது.

வீட்டுக்கு வந்து மாட்டினேன். கம்ப்யூட்டர் 'டிங்' என்றது. 'இந்தக் கருவியை அடையாளம் காண முடியவில்லை' என்று திரையில் எழுதியது. சரி என்று அழுத்தினேன். மறுபடி எழுதியது. நாலாயிரம் முறை அழுத்தியிருப்பேன். குறைத்துச் சொன்னால் நாற்பது.

"அதுக்குக் கண்ணு தெரியலையா, திமிரா?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"அண்ணன் மாதிரி. தெரியும், சொல்லாது" என்றாள்.

புதன்கிழமை மறுபடி டாக்டரம்மா. இந்த முறை அவருக்கே வீம்பு ஏறியிருந்தது. நான் நுழையும் முன்பே ஒரு பென் டிரைவை நீட்டினார்.

"இதுல வேற ஒரு சிஸ்டம் இருக்கு சார். எங்கேயோ உங்களை மாதிரியே நாலு பிடிவாதக்காரங்க சேர்ந்து செஞ்சு இலவசமா குடுக்கறாங்க. பழைய மிஷினை விரட்டாது. இதை மாட்டிட்டு கம்ப்யூட்டரைத் திறங்க. உங்க பொண்ணு போட்டுக் குடுத்ததை எதையும் தொடாது, பென் டிரைவ்லேயே ஓடும். ஒரு விஷயம், ஸ்கேனரை முதல்ல ஆன் பண்ணுங்க, கம்ப்யூட்டரை அப்புறம். மூத்தவங்களுக்கு முதல் மரியாதை."

செய்தேன். திரை கறுத்தது, வெளுத்தது, ஏதேதோ எழுத்துகள் அருவி மாதிரி கொட்டின. மகளுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று நான் யோசிக்கத் தொடங்கிய நேரத்தில் புது முகத்தோடு கம்ப்யூட்டர் எழுந்து நின்றது. அதன் ஒரு மூலையில், தெள்ளத் தெளிவாக, என் ஸ்கேனரின் பெயர்! ரயில் பெட்டிகள் மூன்றையும் தாண்டி அது தன் பெயரைச் சொல்லியிருந்தது. நான் போட்ட கூச்சலில் தெருவில் போன மூன்று சைக்கிள்காரர்கள் இறங்கிவிட்டார்கள்.

ஒரு கப்பிப் படத்தை வைத்து ஓட்டினேன். கர்ர்ர்ர் என்றது. க்டக் என்றது. நின்றுவிட்டது. மறுபடி ஓட்டினேன். மறுபடி கர்ர்ர்ர், க்டக்.

மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்னங்க, இந்தச் சத்தம்..."

"ஆமா" என்றேன். அவளுக்கும் கேட்டிருக்கிறது. முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால், மழைக்காலத்தில், நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் எங்கள் லிஃப்ட் போட்ட அதே சத்தம்.

வியாழன் காலை மேசையில் வெள்ளைத்துணி விரித்து ஸ்கேனரின் மூடியைக் கழற்றினேன். உள்ளே பார்த்தவுடன் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படுத்துக்கிடக்கும் லிஃப்ட்! இரண்டு தண்டவாளம், அதன்மேல் நகரும் ஒரு வண்டி, இழுக்கும் மோட்டார், ஓரத்துக்கு வந்தால் நிறுத்தும் சின்ன சுவிட்ச். இதையா செத்துவிட்டது என்றார்கள்? தண்டவாளத்தில் போட்டிருந்த கிரீஸ் பதினெட்டு வருஷத்தில் இறுகிப் பிசின் ஆகியிருந்தது. வண்டியின் கால்கள் அதில் ஒட்டிக்கொண்டிருந்தன. வேறு நோய் ஒன்றும் இல்லை.

மனைவி டார்ச் பிடித்தாள். நான் காது குடையும் பஞ்சுக்குச்சியால் பிசினைத் துடைத்து எடுத்தேன். ஒரு வாளி நிறைய வந்தது. நம்பமாட்டீர்கள், தேக்கரண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவிட்சின் உதட்டைத் துடைத்தேன். இனி எண்ணெய் வேண்டும். என் கருவிப்பெட்டியிலிருந்த எண்ணெயை எடுத்தேன்.

"ஐயோ, அது வேண்டாம். கப்பலுக்குப் போடறதைக் கொண்டு வர்றீங்க" என்று தடுத்துவிட்டு உள்ளே போனாள். டைப்ரைட்டருக்குப் போடும் மெல்லிய எண்ணெய்க் குப்பியும், எழுத்து துடைக்கும் தூரிகையும் கொண்டுவந்தாள். டைப்ரைட்டர் போய் எத்தனையோ வருஷம் ஆகிறது. குப்பியில் பாதி இன்னும் இருந்தது.

"நாலு சொட்டு விடு."

"ஒண்ணு."

"தண்டவாளம் ரெண்டு இருக்கும்மா."

"அப்ப ஆளுக்கு அரை."

தூரிகை நுனியில் தொட்டு அவளே தடவினாள். மூடியை மாட்டினேன். ஒரு திருகு மிஞ்சியது.

"இது எங்க போகணும்?" என்றாள்.

"எங்கேயும் போக வேண்டாம். நான் பூட்டின எந்த மிஷின்லேயும் ஒண்ணு மிஞ்சும். அது என் கையெழுத்து."

ஓட்டினோம். உய்ய்ய் என்று பூனை சோம்பல் முறிப்பது போல ஒரு சத்தம். கப்பி வந்தது. அதன் பள்ளத்தில் இருந்த அழுக்குகூட வந்தது. என் கை அடுத்த படத்துக்கு, ஆறாவது படத்துக்குப் போனது. அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வேண்டாங்க. அண்ணன் முன்னாடி வச்சு ஓட்டுங்க. நாம முன்னாடியே எடுத்து வச்சா, கம்ப்யூட்டர்ல வரைஞ்சதுன்னு சொல்வாரு."

"நீ பார்க்க வேண்டாமா?"

"எனக்கு எதுக்கு? நான் அங்கதானே இருந்தேன்."

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு மச்சான் வந்தார். கக்கத்தில் மலரின் பிழைதிருத்தப் படிகள், சட்டைப் பையில் சிவப்புப் பேனா. மேசையில் ரயிலும் செங்கல்லும் அப்பளமும் இருந்த கோலத்தைப் பார்த்தார்.

"என்ன மாப்பிள்ளை, ராக்கெட் விடப் போறீங்களா?"

"லிஃப்ட் விடப் போறேன் மச்சான். நல்லா உக்காருங்க."

அவர் கண் முன்னாலேயே பிலிமை எடுத்தேன். சந்தைக்கடையில் மருந்து விற்கிறவன் மாதிரி அதைத் தூக்கி நாலு பக்கமும் காட்டினேன். "பாருங்க, வெட்டு இல்ல, ஒட்டு இல்ல!" என்று வசனம் பேசினேன். இந்த ஆர்ப்பாட்டம்தான் வினையாக முடிந்தது என்பது பிறகு தெரிந்தது. ஸ்கேனரின் சட்டத்தில் செருகினேன். மனைவி கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து விசையை அழுத்தினாள்.

படம் மேலிருந்து கோடு கோடாக இறங்கியது. முதலில் விளக்கு வரிசை. எட்டு வட்டங்கள். எண்கள் தேய்ந்துபோய்த் தெரியவில்லை. ஆனால் ஒரே ஒரு வட்டம் பளிச்சென்று எரிந்தது. மச்சான் மூக்கு திரையில் படும் அளவுக்குக் குனிந்து இடது ஓரத்திலிருந்து விரல்விட்டு எண்ணினார்.

"கீழ்த்தளம்... ஒண்ணு... ரெண்டு." நிமிர்ந்தார். "ரெண்டாவது மாடி!"

நானும் எண்ணிப் பார்த்தேன், அதே இரண்டுதான்.

"நான் ரெண்டாவது மாடியில இருக்கறப்பவே இவ ஏழுக்கு வந்துட்டாளா? றெக்கை கட்டிப் பறந்தாளா? மாப்பிள்ளை, பொய் சொன்னா பொருந்தச் சொல்லணும். பந்தயமே முடிஞ்சு, நான் லிஃப்ட்ல கீழ இறங்கிப் போன அப்புறம் இவளை நிக்க வச்சு எடுத்திருக்கீங்க. இதோ ஆதாரம்! உங்க மிஷினே சொல்லுது!"

மச்சான் வெற்றிக்களிப்பில் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். அவர் கால் மேசைக்கடியில் தொங்கிய ரயிலில் மாட்டி இழுத்தது. டப் என்று நடுப்பெட்டி கழன்று விழுந்தது.

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக அவள் முகத்தில் ஒரு சந்தேகம். தன் மேலேயே. அதை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை. கம்பெனி சொன்னதைத் தாங்கினேன். மகள் சொன்னதைத் தாங்கினேன். இதைத் தாங்குவதாக இல்லை.

திரையில் நின்றுபோயிருந்த படத்தை மறுபடி பார்த்தேன். பெண்ணாக இல்லை, விளக்காக இல்லை. ஒரு லிஃப்ட் மெக்கானிக் தன் லிஃப்டைப் பார்ப்பது போல. கதவு. கைப்பிடி. அழைப்புப் பொத்தான்.

அட!

"மச்சான், ஒரு நிமிஷம். இப்படி வந்து இங்க நில்லுங்க. இந்தச் சுவர்தான் நம்ம லிஃப்ட்."

"என்ன விளையாட்டு இது?"

"ஆபீஸ்ல இருக்கீங்க. கையில ஃபைல். லிஃப்டைக் கூப்பிடுங்க."

அவர் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் செய்திருக்கமாட்டார். இருபத்தாறு வருஷம் காலையும் மாலையும் பழகிய கை தானாக எழுந்து, தோளுக்குக் கொஞ்சம் கீழே, வலது பக்கம் காற்றில் ஒரு பொத்தானை அழுத்தியது.

"பொத்தான் எந்தப் பக்கம் மச்சான்?"

"வலது பக்..."

திரையில் பொத்தான் இடது பக்கம் இருந்தது.

அவர் தன் கையை வேறு யாருடையதோ போலப் பார்த்தார்.

"நாலு பக்கமும் காட்டறேன்னு ஆட்டம் போட்டேன்ல? பிலிமைப் புரட்டி வச்சுட்டேன். மங்கலான பக்கம் இருக்க வேண்டிய இடத்துல பளபளப்பான பக்கம் இருக்கு. படம் கண்ணாடியில பார்க்கற மாதிரி இடம் வலமா விழுந்திருக்கு" என்றேன். "நீங்க எண்ண வேண்டியது இந்த ஓரத்திலேர்ந்து இல்ல."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது" என்றார் மச்சான். ஆனால் குரலில் காரம் குறைந்திருந்தது. "சரியா வச்சு எடுத்துக் காட்டுங்க. நேரா வந்தாத்தான் ஆதாரம். மணி பன்னிரண்டே முக்கால். ஒண்ணரைக்கு நான் கிளம்பணும்."

பிலிமைத் திருப்பிச் செருகினேன். இங்கேதான் என் கையெழுத்து காலை வாரியது. மிஞ்சிய திருகு மூடியைப் பிடிக்க வேண்டிய திருகு. மச்சான் இழுத்த இழுப்பில் மூடி லொடலொடவென்று ஆடியது. அதை அமுக்கிப் பிடிக்க என் இரண்டு கைகளும் தேவைப்பட்டன. மேசைக்கு அடியில் நடுப்பெட்டியின் கொக்கி உடைந்துபோயிருந்தது. யாராவது கையால் சேர்த்துப் பிடித்தால்தான் ரயில் ஓடும். விசைப்பலகையில் மனைவி. மிச்சம் இருந்தது ஒரே ஆள்.

"மச்சான்" என்றேன், மிகுந்த மரியாதையோடு. "கீழ இறங்குங்க."

"நானா?"

"இழுத்தது நீங்கதானே? ஒரு நாலு நிமிஷம். அசையாம பிடிச்சுக்கணும். விட்டீங்கன்னா படம் பாதியில செத்துடும். மறுபடி ஆரம்பிக்க நேரம் இல்ல."

சொல்லிவிட்டுத்தான் யோசித்தேன். என்ன காரியம் செய்கிறேன்! பூனையின் கையில் பாலைக் கொடுத்துக் காவல் வைக்கிறேன். ஒரு தும்மல் போதும். ஒரு சின்ன உதறல் போதும். 'கை வலிச்சுது, விட்டுட்டேன்' என்று சொன்னால் யார் கேட்க முடியும்? அவர் மூட்டை கட்டச் சொன்ன கதை அங்கேயே கட்டப்பட்டுவிடும்.

மச்சான் என்னைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். சிவப்புப் பேனாவை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, ஒவ்வொரு மூட்டாக மடக்கி, முனகியபடி மேசைக்கு அடியில் போனார். எழுபத்தொரு வயது. வெளியே தெரிந்தது இரண்டு பாதங்கள் மட்டும்.

"பிடிச்சுட்டேன். ஓட்டு" என்றார்.

உய்ய்ய். கோடு கோடாகப் படம் இறங்கத் தொடங்கியது. நான் மூடியை அமுக்கியபடி எதிர்ப்பக்கம் நின்றதால் எனக்குத் திரை தெரியவில்லை. அவள் முகம் தெரிந்தது. அது போதும். முதல் அரை நிமிடம் அதில் ஒன்றுமில்லை. பிறகு உதடு லேசாக அசைந்தது, எண்ணுவது போல. பிறகு கண் நிறைந்தது.

அவள் குனிந்து மேசைக்கு அடியில் இருந்த பாதங்களைப் பார்த்துக் கேட்டாள்.

"அண்ணே. எந்த மாடின்னு சொல்லட்டுமா?"

ஸ்கேனர் ஓடிக்கொண்டிருந்தது. கீழே ஒரு பாதம் நகர்ந்தது. இழுத்து விட்டுவிடப் போகிறார் என்று நினைத்து நான் மூடியை இன்னும் அழுத்திப் பிடித்தேன். ரயில் அசையவில்லை.

"அஞ்சு" என்றது மேசைக்கு அடியிலிருந்து குரல்.

அங்கேயிருந்து திரையைப் பார்க்கவே முடியாது.

"எப்படிண்ணே தெரியும்?"

"நாலாவது மாடி தாண்டறதுக்கு முன்னாடியே உன் வெறுங்கால் ரெண்டும் வலைக்கு வெளியே என் தலைக்கு மேல போயிடுச்சு. அப்புறம் மேல நீ கதவை ஓங்கித் தட்டின பாரு, அந்தச் சத்தம் குழி முழுக்க எதிரொலிச்சுது. அப்ப நான் அஞ்சுல இருந்தேன். ஒவ்வொரு மாடியா எண்ணிக்கிட்டேதான் வந்தேன்."

"அப்புறம் ஏண்ணே இத்தனை வருஷமா?"

"கீழ அத்தனை பேர் நின்னாங்கம்மா. நீ மூணாவது மாடியில உக்காந்துடுவேன்னு சத்தமா சொல்லிட்டேன். மேல வந்தா நீ அங்க இல்ல. வாயில தானா வந்துடுச்சு. ஒரு நாள் சொன்னதை அடுத்த நாளும் சொல்ல வேண்டியதாப் போச்சு."

படம் முடிந்தது. ஸ்கேனர் க்ளிக் என்று நின்றது. ஆனாலும் அவர் கையை எடுக்கவில்லை.

"மச்சான், விடலாம். முடிஞ்சுது" என்றேன். என்னைச் சும்மா இருக்க விடுமா என் வாய்? "ஆனா நீங்க இப்பச் சொன்னதுக்கு ஆதாரம் இருக்கா?"

மேசைக்கு அடியில் ஒரு பெருமூச்சு. பாதங்கள் மெல்லத் திரும்பின.

"மாப்பிள்ளை, வாயை மூடிக்கிட்டு கையைக் குடுங்க, எந்திரிக்கணும். பதினாலாம் பக்கத்துல என் தலையங்கம் இருக்கு, அதை எடுத்துட்டு அங்க இந்தப் படத்தைப் போடறேன், முழுசா, ஓரத்தை ஒரு நூல்கூட வெட்டாம. கீழ நீயே அடிம்மா, என் பேரைப் போட்டே அடி: நான் லிஃப்டுக்குள்ள இருந்தேன். அவ ஜெயிச்சா. நடந்துச்சு."